நுரையீரல் ஒப்பரேசனுக்குப் போகும் அப்பாவுக்கு மூச்சு மிஞ்சுமா?

தங்கச்சி, நீங்கள் எழுதியதில் நாலு கேள்வி இருக்கு. அப்பாவுக்கு 64 வயது, வலது நுரையீரலின் மேல் மடலில் 2.5 சென்ரிமீற்றர் கட்டி, பயொப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது, கொழும்புக்குப் பக்கத்தில் வெலிசறை நெஞ்சு வைத்தியசாலையில் ஒப்பரேசனுக்கு நாள் பார்க்கிறார்கள். எத்தனை நாள் வார்ட்டில் இருக்க வேணும், எவ்வளவு நோகும், திரும்பத் தோட்டத்துக்கு இறங்கலாமா, கத்தி வைத்தால் காற்றுப் பட்டு நோய் பரவும் என்று பெரியப்பா சொல்வது உண்மையா. ஆனால் கடைசி வரியில், "நடமாடிக்கொண்டு திரியிற மனுசனைக் கொண்டுபோய் நாங்களே படுக்கையில போட்டிடுவமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அதனால் மற்ற நாலையும் அதைச் சுற்றியே சொல்கிறேன்.

நான் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லை. இயன்மருத்துவர். நெஞ்சு ஒப்பரேசன் செய்தவர்களை அடுத்த நாள் காலையில் கட்டிலை விட்டு இறக்கி நடக்க வைப்பதும், இருமப் பண்ணுவதும் இருபத்தைந்து வருடமாக என்னுடைய வேலை. இப்போது ஓய்வு பெற்று சுன்னாகத்தில் இருக்கிறேன். உங்கள் அப்பாவின் ஸ்கானை நான் பார்க்கவில்லை. ஒப்பரேசன் செய்யலாமா கூடாதா என்பதில் அதைப் பார்த்தவர்களின் சொல்தான் சொல். அந்த நாட்கள் எப்படிப் போகும், எதில் உங்கள் கை இருக்கிறது என்பதை மட்டும் நான் சொல்லலாம்.

பெரியப்பாவின் பயத்தை முதலில் எடுக்கிறேன். ஊரில் அரைவாசிச் சனம் நம்புவது இது. காற்றுப் பட்டுப் புற்றுநோய் பரவுவதில்லை; இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் விளங்கும். சி.ரி ஸ்கான் இல்லாத காலத்தில் நெஞ்சைத் திறந்து பார்த்தபிறகுதான் நோய் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரியும். பரவியிருந்தால் அப்படியே தைத்து மூடிவிடுவார்கள். ஆள் சில மாதத்தில் போய்விடுவார், சனம் கத்தியைக் குற்றம் சொல்லும். இன்றைக்கு ஒப்பரேசன் என்று ஒருவரைத் தெரிவு செய்வதே நோய் ஓரிடத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகுதான். நுரையீரல் புற்றுநோய் வருகிறவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான் அந்த வாய்ப்புக் கிடைக்கிறது. மற்றவர்களுக்குக் கண்டுபிடிக்கும்போதே நேரம் கடந்துவிடும். ஆகவே "ஒப்பரேசன் செய்ய வேணும்" என்று சொன்னது, இந்த நோயைப் பொறுத்தவரை, நல்ல செய்திகளில் ஒன்று.

மூச்சு மிஞ்சுமா? வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. அப்பாவுக்கு எடுக்கப்போவது பெரும்பாலும் அந்த ஐந்தில் ஒன்று. முதல் சில வாரம் மூச்சின் கொள்ளளவு நன்றாகக் குறையும். மிச்ச மடல்கள் விரிந்து இடத்தை நிரப்ப, மூன்று தொடக்கம் ஆறு மாதத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். ஒரு மடல் போனால் நிரந்தர இழப்பு பொதுவாக 10 – 15 வீதத்துக்குள் நிற்கும். வீட்டுக்குள், கோயிலுக்கு, சந்தைக்கு நடக்கிறவருக்கு அது தெரியவும் மாட்டாது. படியேறும்போது தெரியும். ஒரு பக்க நுரையீரலை முழுதாக எடுத்தவர்களும் வாழ்கிறார்கள். 1933 ஏப்ரல் 5ஆம் திகதி, அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரத்தில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், ஜேம்ஸ் கில்மோர் என்ற வைத்தியருக்குப் புற்றுநோய்க்காக இடது நுரையீரலை ஒரே தடவையில் முழுதாக எடுத்தார். கில்மோர் அதற்குப் பிறகு முப்பது வருடம் இருந்தார். ஒப்பரேசன் செய்த கிரஹாம், புகை பிடிப்பவர், 1957இல் அதே நுரையீரல் புற்றுநோயால் போனார். வார்ட்டில் சிகரெட்டை விடமாட்டேன் என்று நிற்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வேன். சிலர் விடுவார்கள், சிலர் "அப்ப அவர் என்ன பிராண்ட் குடிச்சவர்" என்று கேட்பார்கள்.

சிறிய கட்டியென்றால் மடலை முழுதாக எடுக்காமல் ஒரு துண்டை மட்டும் எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 2022இல் வந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று, ஓரத்தில் இருக்கும் 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டிகளுக்கு அது போதும் என்று காட்டியது. அப்பாவுடையது அந்த அளவைத் தாண்டுகிறது. ஆகவே முழு மடலையும் எடுப்பார்கள் என்று எதிர்பாருங்கோ. மூச்சு மிகக் குறைந்தவர்களுக்கு மட்டும் வேறு விதமாக யோசிப்பார்கள்.

அதற்கு முந்திச் செய்யும் சோதனைகள் எல்லாம் இரண்டு கேள்விக்காகத்தான். நோய் வேறெங்கும் போயிருக்கிறதா என்று பார்க்க சி.ரி, முடிந்தால் பெற் ஸ்கான், மூச்சுக்குழாய்க்குள் கமரா விடுவது, சிலருக்கு மூளை ஸ்கான். ஆள் இதைத் தாங்குவாரா என்று பார்க்க, குழாயில் ஊதுகிற மூச்சுச் சோதனை, இருதயத்துக்கு எக்கோ, இரத்தச் சோதனை. மெசின்கள் எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த சோதனை மாடிப்படிதான். நில்லாமல் மூன்று மாடி ஏறுகிறவர் ஒரு மடல் போவதைத் தாங்குவார் என்பது பழைய ஆட்களின் கணக்கு. இப்போது மீற்றர் கணக்கில் அளக்கிறார்கள், ஆனால் கணக்கின் உள்ளடக்கம் மாறவில்லை.

இனி உங்கள் கையில் இருக்கிற பகுதி. ஒப்பரேசனுக்கு நாள் கிடைக்க மூன்று, நாலு வாரம் போகலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் காத்திருக்கும் காலம் என்று நினைத்து வீட்டில் பொத்திப் படுக்க வைக்காதேங்கோ. அப்பா சுருட்டுக் குடிப்பவர் என்றால் இன்றைக்கே நிற்பாட்ட வேணும். நாலு வாரம் இருந்தால் மிக நல்லது, ஒரு வாரம்தான் இருக்கிறது என்றாலும் நிற்பாட்டுவதில் நட்டம் இல்லை. விட்ட முதல் கிழமை இருமலும் சளியும் கூடும், அதைப் பார்த்துவிட்டு "குடிச்சா நல்லா இருந்தது" என்பார். விட்டுக்கொடுக்காதேங்கோ. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, பேசினால் கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில், அரை மணித்தியாலம் நடக்கட்டும். ஒப்பரேசனுக்கு முன் இப்படி உடம்பைத் தயார்படுத்தியவர்களுக்குப் பின்னர் நெஞ்சுச் சளிக்காய்ச்சல் குறைவாக வருகிறது என்று பல சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. எவ்வளவு குறைகிறது என்பதில் அவை ஒத்துப்போவதில்லை, குறைகிறது என்பதில் ஒத்துப்போகின்றன. சாப்பாட்டில் முட்டை, மீன், பயறு, பால் கூட்டுங்கோ. மெலிந்த உடம்பில் காயம் ஆற நாளெடுக்கும். சொத்தைப் பல் இருந்தால் இப்பவே காட்டுங்கோ, வாயில் இருக்கும் கிருமிதான் பிறகு நெஞ்சுக்குள் இறங்கும். இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது குளிசை எடுக்கிறாரா, நீரிழிவுக் குளிசை எடுக்கிறாரா, சித்த மருந்து, சூரணம் ஏதும் எடுக்கிறாரா என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. சிலதை ஒரு கிழமைக்கு முன்னரே நிற்பாட்டச் சொல்வார்கள், சிலதைத் தொடரச் சொல்வார்கள். நீங்களாக ஒன்றையும் நிற்பாட்ட வேண்டாம்.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். "அப்பாவுக்குக் கட்டி என்று மட்டும் சொல்லியிருக்கிறம், வருத்தத்தின்ர பேர் தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. நோகாமல் இருக்கட்டும் என்ற அன்பில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் ஒப்பரேசனுக்குக் கையெழுத்துப் போடப் போகிறவர் அவர். அடுத்த நாள் நெஞ்சு பிளக்கிற நோவோடு எழும்பி இரும வேண்டியவரும் அவர். சும்மா ஒரு கட்டிக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நினைக்கிறவர் இருமமாட்டார். நான் பார்த்த அளவில், தெரிந்தவர்கள் ஒத்துழைத்தார்கள், தெரியாதவர்கள் என்னோடு சண்டை பிடித்தார்கள். அதோடு, கிளினிக் வாங்கிலில் பக்கத்தில் இருக்கிறவர் பத்து நிமிசத்தில் சொல்லிவிடுவார். அந்த வாயால் கேட்பதைவிட உங்கள் வாயால் கேட்கட்டும்.

ஒப்பரேசன் நாளைப் பற்றி நீட்டத் தேவையில்லை. திட உணவு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னும் தண்ணீர் இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னும் நிற்பாட்டுவது பொதுவான கணக்கு; வார்ட்டில் அதைவிட முந்தி நிற்பாட்டச் சொன்னால் அதன்படியே செய்யுங்கோ. மயக்கம் கொடுத்தபிறகு ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்றைக் கொடுத்து மற்றப் பக்கத்தைச் சுருங்க விட்டு வேலை செய்வார்கள். தோள்பட்டை எலும்புக்குக் கீழால் நீளமாக வெட்டித் திறப்பது ஒரு முறை, சிறிய துளைகளால் கமரா விட்டுச் செய்வது இன்னொரு முறை. துளை முறையில் நோவு குறைவு, வீட்டுக்கு வரும் நாளும் முந்தும். எது என்பது கட்டி இருக்கிற இடத்தைப் பொறுத்தது, துளையில் தொடங்கிப் பாதியில் திறக்க வேண்டியும் வரலாம். அப்படி வந்தால் ஏதோ பிழைத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பாதுகாப்புக்காகத்தான். இரண்டு தொடக்கம் நாலு மணித்தியாலம் எடுக்கும். வெளியில் நிற்கிற உங்களுக்கு அது நாலு நாள்.

பிறகு அப்பாவைப் பார்க்கும்போது திடுக்கிடாதேங்கோ. மூக்கில் ஒட்சிசன், கையில் சலைன், சலம் போக ஒரு ரியூப், முதுகில் நோ மருந்து போகும் மெல்லிய குழாய், விலாவில் இருந்து வரும் தடித்த குழாய் ஒன்று அல்லது இரண்டு. அந்தத் தடித்த குழாய் கட்டிலுக்குக் கீழே தண்ணீர்ப் போத்தலுக்குள் போகும். மூச்சு எடுக்க எடுக்க அந்தத் தண்ணீர் ஏறி இறங்கும், இருமினால் குமிழி வரும். குமிழி என்றால் வெட்டிய இடத்தால் இன்னும் காற்றுக் கசிகிறது என்று அர்த்தம், அது நின்றபிறகுதான் குழாயை எடுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வைத்தியசாலையில், நோயாளியை எக்ஸ்றேக்குக் கொண்டுபோகும்போது மகன் உதவி செய்வதாக நினைத்துப் போத்தலைத் தூக்கி அப்பாவின் நெஞ்சின் மேலேயே வைத்துவிட்டார். போத்தல் தண்ணீர் குழாய் வழியே மேலே ஏறத் தொடங்கியதை நான் கண்டது ஓடையின் முடிவில். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பக்கத்தில் நடந்துவந்தும் கவனிக்காதது என்னுடைய பிழை. அன்றையிலிருந்து முதல் பாடமே இதுதான்: போத்தல் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே, நிமிர்ந்தபடி.

அடுத்த நாள் காலையில் கதிரையில் இருத்துவார்கள், முடிந்தால் அன்றே நடக்க வைப்பார்கள். "ஒப்பரேசன் செய்த மனுசனை இப்படி வருத்துறாங்கள்" என்று உறவுகள் என்னைத் திட்டாத வருடம் இல்லை. படுத்தே கிடந்தால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, காய்ச்சல் வரும். இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு ஆட்களை விழுத்துவதில் பெரிய பங்கு அதற்குத்தான். ஒரு தலையணையை வெட்டின பக்கத்தோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமச் சொல்லுங்கோ. அணைத்தால் நோவு குறையும். தொண்டையைச் செருமுவது இருமல் இல்லை, அடியிலிருந்து வரவேணும். நோ மருந்தைத் "தாங்கலாம், வேண்டாம்" என்று மறுக்கிறவர்கள் எங்கள் ஆட்களில் நிறையப் பேர். நோவைத் தாங்கினால் மூச்சை இழுக்கமாட்டார், மூச்சை இழுக்காவிட்டால் சளி கட்டும். மருந்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கோ. அதில் மலச்சிக்கல் வரும், பப்பாசிப்பழமும் கீரையும் போதாவிட்டால் மருந்து கேளுங்கோ.

மூன்று பந்து உள்ள பிளாஸ்ரிக் கருவி ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் அதை ஊதுவார்கள். ஊதுவதற்கில்லை அது, இழுப்பதற்கு. வாயில் வைத்து மெதுவாக உள்ளே இழுத்து, பந்து மேலே நிற்க மூன்று எண்ணி, விட வேணும். பலூன் ஊதச் சொல்வதும், ஒரு ஐயா வீட்டிலிருந்து சங்கு கொண்டுவந்ததும் அதே பிழைதான். நுரையீரலை விரிப்பது உள்ளே போகும் மூச்சு. அந்தக் கருவிதான் ஆளைக் காப்பாற்றும் என்றும் நினைக்காதேங்கோ. நன்றாக நடந்து இருமுகிறவருக்கு அது மேலதிகமாகப் பெரிதாக ஒன்றும் செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. கையில் ஒரு வேலை இருப்பதால் ஆட்கள் செய்கிறார்கள், அதுதான் அதன் நன்மை.

மொழியையும் யோசியுங்கோ. வார்ட்டில் தமிழ் தெரிந்தவர் எப்போதும் பக்கத்தில் இருக்கமாட்டார். சிங்களத்தில் "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை எடுங்கோ, "கஹின்ன" என்றால் இருமுங்கோ, நோகிறது என்று சொல்ல "ரிதெனவா". இந்த மூன்றையும் அப்பாவுக்குப் பாடமாக்கி விடுங்கோ.

பயமுறுத்தும், ஆனால் பொதுவாகக் கடந்துபோகும் சில விசயங்கள். தோலுக்குக் கீழே காற்று இறங்கினால் நெஞ்சும் கழுத்தும் ஊதும், தொட்டால் அப்பளம் நொறுங்குவது மாதிரி இருக்கும். நேர்சிடம் சொல்லுங்கோ, பெரும்பாலும் தானாக வற்றும். இரண்டாம், மூன்றாம் நாளில் நெஞ்சு படபடவென்று ஒழுங்கில்லாமல் அடிக்கலாம். பத்துப் பேரில் ஒன்று, இரண்டு பேருக்கு வரும், மருந்தில் அடங்கும். காற்றுக் கசிவு ஐந்து நாளுக்கு மேல் போனால் போத்தலோடு கூட நாள் இருக்க வேண்டிவரும். எல்லாம் ஒழுங்காகப் போனால் துளை முறையில் மூன்று தொடக்கம் ஐந்து நாள், திறந்து செய்தால் ஐந்து தொடக்கம் ஏழு நாள். ஆபத்தே இல்லை என்று சொன்னால் அது பொய். ஒரு மடலை எடுக்கும் ஒப்பரேசனில் நூறு பேரில் ஒன்று தொடக்கம் மூன்று பேர் தப்புவதில்லை. அந்தக் கணக்கு எல்லா வயதும் எல்லா உடம்பும் சேர்ந்தது. அப்பாவின் எண் எது என்று மூச்சுச் சோதனையையும் எக்கோவையும் பார்த்த வைத்தியரிடம் நேரே கேளுங்கோ, கேட்பதில் வெட்கம் இல்லை.

துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் பண்ணி, அனுப்பினபிறகு யாழ்ப்பாணம் வரைக்கும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் ஏற்ற வேண்டாம். வான் பிடித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் நிற்பாட்டி இறக்கி நடக்க விடுங்கோ, காலில் இரத்தம் கட்டாமல் இருக்க. சீற் பெல்ற்றுக்கும் காயத்துக்கும் நடுவில் சின்னத் தலையணை ஒன்று. வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா, மாமி எல்லாரும் பத்தியம் பிடிக்கச் சொல்வார்கள்: கத்தரிக்காய் கிரந்தி, றால் கிரந்தி, முட்டை காயத்தைச் சீழ் பிடிக்க வைக்கும். ஒவ்வாமை இல்லாதவருக்கு இதில் ஒன்றும் காயத்தைக் கெடுப்பதில்லை. சரக்குத்தண்ணியும் சோறுமாக ஒரு மாதம் வைத்திருந்து ஆளை எலும்பாக்கிவிட்டுக் கிளினிக் கொண்டுவந்தவர்களைக் கண்டிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கோ, இரவில் ராசவள்ளிக்கிழங்குக் கஞ்சி நல்லாக இறங்கும்.

ஆறு தொடக்கம் எட்டு வாரத்துக்குக் கிணற்றில் வாளியால் அள்ளக்கூடாது, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, மோட்டச்சைக்கிள் ஓடக்கூடாது. ஆனால் வெட்டின பக்கக் கையை ஆட்டாமல் கட்டிவைப்பது அதைவிடப் பிழை. தோள் இறுகிவிடும். சுவரில் விரலால் ஏறுவது மாதிரி நாளும் கையை மேலே கொண்டுபோகட்டும், சேட்டைத் தலைக்கு மேலால் போடுவதே நல்ல பயிற்சி. விறகடுப்புப் புகை, குப்பை எரிப்பது, சாம்பிராணி எல்லாம் தள்ளி. தோட்டத்தைப் போய்ப் பார்க்கலாம், மூன்று மாதத்தில் சின்ன வேலை தொடங்கலாம். மண்வெட்டி பிடிப்பது ஆளைப் பொறுத்தது. மருந்தடிப்பதை மட்டும் இனி மற்றவர் செய்யட்டும், அது என் சொந்த அபிப்பிராயம்.

நோவைப் பற்றி வார்ட்டில் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. காயம் ஆறினபிறகும் முலைக்குக் கீழே, விலாவைச் சுற்றி ஒரு பட்டை மரத்துப்போய் இருக்கும், அல்லது எரியும். சேட் உரசினாலே தாங்கமாட்டார். விலாவுக்கு இடையில் ஓடும் நரம்பின் வேலை அது, புற்றுநோய் திரும்பி வந்ததல்ல. பலருக்கு மாதங்களில் அடங்கும், சிலருக்கு வருடக் கணக்கில் மெல்லிதாக நிற்கும். பனடோலுக்கு அடங்காவிட்டால் நரம்பு நோவுக்கென்று தனி மருந்து இருக்கிறது, கேளுங்கோ. வறட்டு இருமலும் சில வாரம் நிற்கும். காய்ச்சல், திடீர் மூச்சு முட்டல், ஒரு கால் மட்டும் வீங்குவது, காயத்தில் சீழ், புது இரத்தமாகத் துப்புவது, திடீரென்று வாய் நிறையத் தண்ணியாகச் சளி வருவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கோ.

எடுத்த மடலும் நிணநீர்க் கணுக்களும் சோதனைக்குப் போய், அறிக்கை வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நோய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது உண்மையாக அப்போதுதான் தெரியும். ஸ்கானில் முதலாம் கட்டம் என்று வந்தவர்களில், கட்டியின் அளவைப் பொறுத்து 68 தொடக்கம் 92 வீதமானவர்கள் ஐந்து வருடத்தைக் கடக்கிறார்கள் என்பது பல நாட்டுக் கணக்கு. கணுக்களில் நோய் இருந்தால் கீமோ சொல்வார்கள், அதற்காக தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டிவரலாம். ஆகவே கொழும்பை விட்டு வெளிக்கிட முன் அறிக்கைப் பிரதி, ஸ்கான் சி.டி., துண்டு வெட்டின காகிதம் மூன்றையும் கையில் வாங்குங்கோ. பயொப்சித் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டி எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது என்றும் கேட்டு எழுதுங்கோ. புகை பிடிக்காதவர்களில் வரும் சில வகைக்குக் குளிசையே இருக்கிறது, அதற்கான சோதனையை அந்தக் கட்டியில்தான் செய்வார்கள்.

இன்றைக்குப் பின்னேரம் வெயில் தாழ அப்பாவோடு ஒழுங்கையால் நடந்து பாருங்கோ. எந்த வீட்டுப் படலையடியில் மூச்சு வாங்கி நிற்கிறார் என்று குறித்து வையுங்கோ. நாளைக்கு அதிலிருந்து இன்னும் இரண்டு படலை. கிளினிக்கில் "எவ்வளவு தூரம் நடப்பார்" என்று கேட்கும்போது அந்தக் கணக்கைச் சொல்லுங்கோ.